மகளை யோசித்துப் பேச வைத்த பத்து நாட்கள்

என் அக்கா எங்கள் வீட்டு வாசலில் பையை இறக்கி வைப்பதற்குள் என் மகள் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"அத்தை, நீங்க வர்றீங்கன்னு அம்மா தலைவலி மாத்திரை வாங்கி வச்சிருச்சு."

அப்போது மகளுக்கு ஐந்து வயது. அவள் சொன்னது உண்மைதான். முந்தின நாள் பாய் கடையில் மாத்திரை அட்டையை வாங்கி வந்தவனே நான்தான். அக்கா என்னைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். ராத்திரி சாப்பிட்டாள், படுத்தாள், மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

நாங்கள் இருப்பது மலைமேல், பாச்சலூருக்குப் பக்கம். கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அக்கா ஆயக்குடியில் கொய்யாப்பழம் விற்கிறாள். அத்தான் இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. வருடா வருடம் காப்பிப் பழம் எடுக்கும் இரண்டு மாதமும் எங்களோடு வந்து இருப்பாள். அவள் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த இரண்டு மாதம்தான். எனக்கும் கூடப் பிறந்தவள் என்று அவள் ஒருத்திதான் மிச்சம்.

அடுத்த வருடம் பழம் சிவக்கத் தொடங்கியது. அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

"நீங்க போய் மதினியைக் கூட்டிட்டு வாங்க. இவளையும் கூட்டிட்டுப் போங்க, பிள்ளையைப் பாத்தா மனசு எறங்கும். ஆனா அதுக்கு முன்ன இவளுக்கு யோசிச்சுப் பேசச் சொல்லிக் குடுங்க" என்றாள் மனைவி.

"நானா?"

"இந்த வீட்டுல யோசிச்சுப் பேசற ஆளு நீங்க ஒருத்தர்தான?"

நான் அஞ்சாவது வரை படித்தவன். பள்ளிக்கூடத்திலும் சரி, இப்போது ரேஷன் கடையிலும் சரி, யாராவது ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. பார்க்கிறவர்கள் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பயந்துபோய் நிற்பேன், அவ்வளவுதான். இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அவள் வழக்கம்போல ஒரு காப்பிப் பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். அதைச் சப்பும்போது மட்டும் அவள் பேசாமல் இருப்பதைக் கவனித்தேன்.

"ஏதாவது பேசணும்னு தோணுச்சுன்னா ஒரு பழத்தை வாயில போடு. தித்திப்பு போற வரைக்கும் சப்பு. கொட்டையைத் துப்பிட்டு அப்புறமாப் பேசு" என்றேன்.

அவளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சும்மா சும்மா பேச நினைத்தாள். கவுன் பாக்கெட்டெல்லாம் பழச்சாறு. பாய் கடையில், "என்ன பாப்பா வேணும்?" என்று கேட்டதற்கு ஒரு பழத்தைப் போட்டுக்கொண்டு சப்பியபடியே நின்றாள்.

"என்னத்தா, பல்லு வலியா? அப்பன மாதிரியே நிக்கிற!" என்றார் பாய். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, சப்பும்போது என்னத்த யோசிக்கணும்?"

அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

"நாம சொன்னா அவங்களுக்கு வலிக்குமான்னு யோசிக்கணும்."

"அவங்களுக்கு வலிக்குறது எனக்கு எப்படித் தெரியும்?"

பழக்கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் போய் பழனி பஸ் மாறி ஆயக்குடியில் இறங்கினோம். அக்கா ரோட்டோரம் கூடைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெண்ணும் கொய்யா விற்றுக்கொண்டிருந்தாள். அக்கா மகளை இழுத்து மடியில் உட்கார வைத்து, பெரிய பழமாகப் பார்த்து ஒன்றை அறுத்து உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தாள். என்னிடம், "டீ சாப்பிடுறயா?" என்று கேட்டாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, பழம் எடுக்க வரலயா?" என்று கேட்டேன். அந்த ஒரு வரியை பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன்.

அக்கா மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"நீ சொல்லுடி. நான் வந்தா உங்கம்மாவுக்குப் புடிக்குமா?"

மகள் அரைக் கொய்யாவைக் கீழே வைத்தாள். பாக்கெட்டில் கையை விட்டு ஒரு காப்பிப் பழத்தை எடுத்து வாயில் போட்டாள். சப்பினாள். ஒரு பக்கக் கன்னத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் இன்னும் சப்பிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கூடைக்காரம்மா சிரித்தாள். "ஏக்கா, இதுக்கு மேல என்ன பதிலு வேணும் ஒனக்கு?"

மகள் கொட்டைகளை உள்ளங்கையில் துப்பினாள். "புடிக்கும்" என்றாள். நன்றாக யோசித்து, யாருக்கும் வலிக்காமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள்.

அக்கா அவளை மடியிலிருந்து இறக்கினாள். "போன வருசம் படக்குன்னு சொன்னா. கோவம் வந்துச்சு, ஆனா நம்புனேன். இப்பப் புடிக்கும்ங்கறா, நம்ப முடியல. ஏலே, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்து வச்சிருக்க?"

"இல்லக்கா, அது வந்து..."

"நீ கெளம்பு. எனக்கு இங்க சோலி கெடக்கு."

பஸ் மலை ஏறும்போது மகள், "நான் சரியாத்தான சொன்னேன்?" என்று இரண்டு தடவை கேட்டாள். சரி என்றால், அக்கா ஏன் வரவில்லை? தப்பு என்றால், இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தூக்கம் வருகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன் மகள் நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அம்மாவிடம் கொட்டிவிட்டாள். இரண்டு நாள் பொறுத்து, நான் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்ததும், மனைவி என் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"மதினி, ஆமா, மாத்திரை வாங்குனேன். வாங்கலன்னு சொல்ல மாட்டேன். வெள்ளனே நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்படியில ஏனத்த உருட்டுனா எனக்குத் தலை வலிக்காதா? நான் வச்ச கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு நாலு வீட்டுக்குக் கேக்கறாப்புல சொன்னா வலிக்காதா? அதுக்காக வராம இருந்துருவீங்களா? இந்த மனுசன் சோறு எறங்காமக் கெடக்காரு."

போச்சு என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அக்கா பேசியது எனக்குக் கேட்கவில்லை. நிறையப் பேசினாள் என்று மட்டும் தெரிந்தது. மனைவி நடுநடுவே "அப்படியா சொன்னேன்?" என்றாள். பிறகு, "சரி சரி, கொய்யாவைத் தூக்கிட்டு வராதீங்க, பிள்ளைக்குச் சளி புடிக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியான பஸ்ஸில் அக்கா வந்தாள், ஒரு பை நிறையக் கொய்யாவோடு. மனைவி பையைப் பார்த்து முறைத்தாள். மகள் வாசலுக்கு ஓடினாள்.

"அத்தை, எப்பப் போவீங்க?"

அக்கா உடனே பதில் சொன்னாள். "அடியே, இன்னும் செருப்பையே கழட்டல! தை பொறந்துதான் போவேன்."

"அதுவரைக்குமா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"ஆமா. மாத்திரை பத்தலன்னா இன்னொரு அட்டை வாங்கிக்க."

அக்கா உள்ளே போனாள். இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அது சிரிப்பா சண்டையா என்று வாசலில் நின்ற எனக்குப் பிடிபடவில்லை.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இதை யோசிச்சுக் கேட்டிருக்கணுமா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ஒரு தட்டு விழுந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

"போய் அத்தை பையை உள்ள வை" என்று மட்டும் சொன்னேன்.