சந்தை நாளில் போட்ட முகாம்

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் ஒன்றில் வருவாய்த்துறை ஆபீஸில் எழுத்தராக வேலை பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். எனக்கு அப்போது வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். இரண்டும் இன்றுவரை குறையவில்லை.

அந்த ஊரில் வாரம் ஒருநாள் சந்தை. சுற்றுவட்டக் கிராமங்களெல்லாம் மிளகாய்வற்றலும் ஆடும் கோழியுமாக வந்து இறங்கும். வந்த கையோடு ஆபீஸ் வேலையையும் முடித்துவிடலாம் என்று, மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நிற்பார்கள். ஆனால் எங்கள் அதிகாரி மனு வாங்கக் கிராமங்களுக்கு முகாம் போகிற நாளும் அதேதான். ஊர் ஜனம் ஆபீஸில் நிற்கும். அதிகாரி ஆளில்லாத ஊரில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஜீப்பில் திரும்பி வந்து, ‘மனு எதுவும் வரவில்லை’ என்று அறிக்கை எழுதச் சொல்வார். மேலிடத்துக்குப் பரம திருப்தி. குறையே இல்லாத வட்டாரம் என்று எங்களுக்கு நல்ல பெயர். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இருக்கும்.

தலைமை எழுத்தரிடம் கேட்டேன்.

“எப்பவோ ஒரு ஆபீசர் சந்தைக் கூச்சல் தாங்காம அன்னைக்கு முகாம் போட்டாவ. அது அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு. நமக்கும் அன்னைக்கு நிம்மதிதான? நீ ஏன் கெடந்து துள்ளுத?” என்றார்.

பசுவந்தனைக்கு அப்பாலிருந்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி சந்தைக்குச் சந்தை வந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி விதை கொடுக்க வேண்டுமானால், நிலத்தை உழுகிறவர் அவர்தான் என்று எங்கள் அதிகாரி சான்று தர வேண்டும். உழவை விட்டுவிட்டு வேறு நாளில் அவரால் வர முடியாது. புரட்டாசி முடியப் போகிறது. மழை இறங்கிவிட்டால் கரிசல் களியாகிவிடும், மாடு கால் வைக்காது. அதற்குள் விதை மண்ணுக்குள் போகவில்லை என்றால் அந்த வருஷ வெள்ளாமை போனதுதான்.

அன்றைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து, “ஐயா இன்னைக்கும் இல்லையா தாயி?” என்றார். முகாம் எந்த ஊரில் என்று பார்த்தேன். அவருடைய ஊரிலேயேதான்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, ஐயா ஒங்க ஊருலதான் இருக்காவ. இப்பமே பஸ் ஏறுங்க.”

“எங்க ஊருலயா? அங்கன யாரு இருக்கா? எல்லாரும் இங்கனல்லா வந்திருக்கோம்!”

“அதத்தான் நானும் சொல்லுதேன். நீங்க ஒரு ஆளாவது போங்க.”

போனார். மத்தியானம் எங்கள் ஜீப்பே அவரை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. முகாமிலேயே கையெழுத்துப் போட்டாகிவிட்டது, முத்திரை குத்தப் பார்த்தால் அங்கே முத்திரை இல்லை. அது எப்போதும் ஆபீஸ் மேஜைக்குள்தான் இருக்கும். மனுவே வராத முகாமுக்கு அதை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? அதிகாரி நல்ல மனுஷர், முகாமைக் கலைத்துவிட்டுத் தானே கிளம்பி வந்துவிட்டார். வந்தவர் வாசலைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்னம்மா இவ்வளவு கூட்டம்?”

“ஒங்க முகாமுக்கு வரவேண்டியவங்க சார்.”

சான்றில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, நாற்காலியை வராந்தாவுக்கு இழுத்துப் போடச் சொன்னார். பொழுது சாய்கிறவரை உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே முகாம் வேறு நாளுக்கு மாறியது. அரசாங்கத்துக்குக் காலணா புதுச் செலவு இல்லை. அதே ஜீப், அதே டீசல், அதே நாற்காலி. ஆளைக் கூட்டு, பணத்தை ஒதுக்கு என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் நாளை மாற்றிப் பாருங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த சந்தையன்று மனுக்கள் குவிந்தன. “நல்ல பேரு இருந்துச்சு, கெடுத்துட்டியே” என்று தலைமை எழுத்தர் முணுமுணுத்தார். நான் வரிசையில் சம்சாரியைத் தேடினேன். காணவில்லை. முந்தின நாள் நல்ல மழை. விதைத்தாரோ இல்லையோ என்று அந்த ஊர்க்காரர் ஒருவரை விசாரித்தேன்.

“அவிய மழைக்கு முந்தியே வெதச்சு முடிச்சாச்சே! இனி ஆபீசுல அவியளுக்கு என்ன சோலி?” என்றார்.

ஓர் ஆள் வராததற்காக ஓர் ஆபீஸ் சந்தோஷப்படலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.