அப்பா பாதியில் நிறுத்திய வசனம்

அப்பாவின் இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். படங்களைப் பார்ப்பீர்கள், பிறகு, "எங்களைப் பற்றி ஏதும் எழுதிப்போட்டாளோ" என்று புரட்டுவீர்கள். நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் பிரசங்கம் கேட்டுப் பழகிய சபைக்கு அந்த எண்ணம் வராமல் இருக்குமா?

அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனை இளவயதிலேயே இழந்ததால் தம்பி, தங்கையின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அவர்கள்தான் எங்கள் சித்தப்பாவும் மாமியும். துறைமுகத்திலேயே எழுதுவினைஞராகச் சேர்ந்து இருவரையும் படிக்க வைத்தார். அம்மாவைக் கைப்பிடித்த பின் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். அங்கிருந்த சிறிய சபைக்கு நிரந்தரப் போதகர் இல்லாதபடியால் ஞாயிறு பிரசங்கமும் மெல்ல அவரிடம் வந்து சேர்ந்தது.

வசனத்தை வாசிப்பார். வேதப்புத்தகத்தை மூடுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சரி, இது இந்தக் கிழமை எங்கட தெரு ஒழுங்கையில எங்க நடந்தது?" என்று கேட்பார். அவ்வளவுதான், வாங்குப் பலகைகளில் இருந்த எல்லோரும் நெளிவார்கள். மார்த்தாள் குசினியில் சமைத்தபடி நின்று புறுபுறுத்த கதை வந்தால், பெருநாள் விருந்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஒருவர் தலையைக் குனிவார். நல்ல சமாரியன் வந்தால், பாமன்கடைச் சந்தியில் விழுந்துகிடந்த கிழவரைக் காணாததுபோல பஸ் ஏறியவர் இருமத் தொடங்குவார். அப்பா ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "ஐயாவுக்கு ஆர் சொன்னது?"

சந்தேகம் அம்மாவில் போய் விழுந்தது. சந்தைக்குப் போகிறவர், எல்லோருடனும் சிரித்துக் கதைக்கிறவர், வேறு யார்? அம்மா மீன்காரரிடம் போய் நின்றால், பக்கத்தில் நின்ற சபைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிக் கதைப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து கூடையைப் போட்டுவிட்டு, "நான் என்ன சீ.ஐ.டி.யே? நீங்களாவது ஆக்களுக்குச் சொல்லுங்கோவன்!" என்று பொரிவார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்படி வளர்ந்த எனக்கும் எவரையும் லேசில் நம்ப வராது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் வேவு பார்க்க வந்தவரோ என்றுதான் இன்றும் முதலில் நினைக்கிறேன்.

மாமி, வீட்டாருக்குச் சொல்லாமல் களனியில் ஒரு சிங்களவரை மணந்துகொண்டவர். அந்தக் கவலையில் படுத்த தாயாரைக் கடைசிவரை பராமரித்தவர் சித்தப்பா. சில வருடங்களின் பின் மாமி கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, அப்பா மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். குழந்தையின் ஞானஸ்நான விருந்தும் எங்கள் வீட்டில்தான் நடந்தது. சித்தப்பா வரவில்லை என்றே நாங்கள் நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு அப்பா கெட்டகுமாரன் கதையை எடுத்தார். ஊதாரி மகன் திரும்பி வந்துவிட்டான், வீட்டில் விருந்து. கூடவே இருந்து உழைத்த மூத்த மகன் கோபத்தோடு வெளியே நிற்கிறான். உள்ளே போக மனமில்லை. அந்த இடத்தில் அப்பா புத்தகத்தை மூடினார்.

"உள்ளுக்குப் பாட்டுச் சத்தம். வாசல் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு ஒருத்தர் வெளியில நிக்கிறார். ஏன் நிக்கிறார்?"

சித்தப்பா எழுந்து வெளியேறிவிட்டார். விருந்தன்று அவர் எங்கள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போனவராம். அது ஒருவருக்கும் தெரியாது என்றே இருந்திருக்கிறார். குசினி யன்னல் கேற்றைப் பார்த்தபடி இருந்ததால், "அண்ணிதான் கண்டு வத்தி வைச்சிருக்கிறா" என்று முடிவு கட்டினார். அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. "கடவுளாணை நான் ஒருத்தரையும் காணேல்லை" என்று அம்மா சொல்லாத ஆள் இல்லை. ஒருவரும் நம்பவில்லை. கோள் சொல்லி என்ற பெயரோடுதான் அம்மா கண்ணை மூடினார்.

அப்பா படுக்கையில் விழுந்த பின் ஒரு காலை, சித்தப்பா செவ்விளநீர்க் குலையோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். இத்தனை காலம் வராதவர் சும்மா வந்திருப்பாரா? நான் அறையை விட்டு அசையவில்லை. சித்தப்பா கதிரையில் உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டார்.

"அண்ணை, அண்டைக்குப் பிரசங்கத்தில நீங்கள் என்னைத்தானே சொன்னனீங்கள்?"

வசனம் எல்லோருக்கும் பொது என்று அப்பா நழுவப் போகிறார் என்று பார்த்தேன்.

"ஓம். உன்னைத்தான் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்! அண்ணிதானே சொன்னவ?"

"அவ காணவேயில்லை. நான் கண்டனான், முன் யன்னலால. நீ கேற்றில கை வைச்சதும் கண்டனான், எடுத்ததும் கண்டனான்."

"கண்டா ஏன் வெளியில வரேல்லை?"

"நான் மூத்தவன், நீயே வரட்டும் எண்டு இருந்திட்டன்." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "அந்த வசனத்தில மிச்சம் இருக்குத் தம்பி. தகப்பன் வெளியில வந்து அவனைக் கெஞ்சிக் கூப்பிட்டவர். அதையும் வாசிச்சா அது எனக்கு. அதுதான் மூடினனான்."

சித்தப்பா தலையிலடித்து அழுதார். "அண்ணியின்ர செத்த வீட்டிலயும் வாசலோட நிண்டிட்டுப் போனனானே" என்று அரற்றினார். எனக்கோ அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எங்கள் அப்பாவில் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது! "அம்மா இவ்வளவு கேட்டும் ஏன் பேசாம இருந்தனீங்கள்?" என்றேன்.

"வெட்கம், பிள்ளை. நான் போனபிறகு மலர் அடிப்பியள்தானே. அதில எழுது."

அதன்பின் சித்தப்பா நாள்தோறும் வந்தார். தேநீரில் பிஸ்கட்டை நனைத்து அப்பாவுக்கு ஊட்டினார். ஒரு மத்தியானம், அவர் பக்கத்தில் இருக்கும்போதே அப்பா அமைதியாகக் கண்மூடினார்.

வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவர், முகம் சுளிக்காமல் பராமரித்த தாதி, களனியிலிருந்து சாப்பாடு சுமந்து வந்த மாமி குடும்பத்தினர், பந்தல் போட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்த சபையார், அயலார் எல்லோருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

இனி அப்பா சொன்னபடி எழுதுகிறேன். அந்தப் பிரசங்கங்கள் உங்களைத்தான் குறித்தன என்று நினைத்தவர்களே, நீங்கள் நினைத்தது சரி. கண்டதெல்லாம் அப்பாவின் கண். எங்கள் அம்மா உங்களில் ஒருவரைப் பற்றியும் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.