போர்டில் இருந்தவள் கேட்டாளா?

மனேஜரின் அறையில்

அன்று காலை ஹெட்செட்டைத் தலையில் மாட்டுவதற்கு முன்பே, மனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. சிட்னியில் வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்சில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எழுபதுகளின் முற்பகுதி. இப்போதுபோல நம்பரை அழுத்தியதும் கொழும்பு பேசாது. கோல் புக் பண்ண வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் வயரை எடுத்து சுவிட்ச்போர்டில் செருகி, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, கீ என்று சொல்லும் சின்ன விசையை மூடிவிடுவோம். மூடினால் பேச்சு எங்கள் காதுக்கு வராது. திறந்து வைத்தால் வரும். தொழிலின் மானம் முழுவதும் அந்தக் கீயில்தான் இருந்தது.

மனேஜர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் தமிழில் இப்படி வரும்:

"உங்கட நாட்டு ஆக்களிட்ட இருந்து ஒரு முறைப்பாடு. ஒரு டொக்டரின்ட மனைவி. கொழும்புக்குக் கதைச்சதை நீர் கேட்டு வெளியில சொல்லிப்போட்டீராம். அவ கதைச்சது தமிழில. இந்த ஹோலில தமிழ் விளங்கிறது உமக்கு மட்டும்தானே?"

அந்த மனைவியை எனக்குத் தெரியும். மிஸஸ் துரைராசா. அப்போது சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு சின்ன மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். சனிக்கிழமைகளில் அப்படித்தான் அடங்கினோம். அவருடைய மகள் வதனிக்குப் பேசிய சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்துவிட்டார்கள். கொழும்பிலுள்ள தமக்கையிடம் அதைத்தான் மிஸஸ் துரைராசா போனில் சொல்லி அழுதிருக்கிறார். அடுத்து வரும் சம்பந்தம் கெட்டுவிடும் என்று இங்கே ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமையே மண்டபம் முழுக்கக் கதை பரவிவிட்டது. அந்தக் கோலை இணைத்தவள் நான்தான்.

"நான் கேக்கேல்லை, சேர். கீயை மூடிப்போட்டன்."

"அதை எப்பிடி நம்புறது?"

அப்போது கதவடியில் நின்ற எங்கள் சூப்பர்வைசர் மிஸஸ் பார்லோ சொன்னார்: "அந்தக் கோல் நடக்கேக்க நான் இவவுக்குப் பின்னாலதான் நிண்டனான். கீ மூடியிருந்தது. நான் பாத்தனான்."

மனேஜர் பேனாவை மூடினார். அத்தோடு விஷயம் முடிந்தது.

ஆனால் அந்தக் கோலின்போது மிஸஸ் பார்லோ எனக்குப் பின்னால் நிற்கவில்லை. தேநீர் குடிக்க கன்டீனுக்குப் போயிருந்தார்.

ஞாயிறு மதியச் சாப்பாடு

மிஸஸ் பார்லோ இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். போருக்குப் பிறகு கணவரோடும் தம்பியோடும் கப்பலேறி வந்தவர். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓசையில்லாமல் நடப்பார். கழுத்தில் குளிர் பட்டால் அவர் வந்துவிட்டார் என்று எங்களோடு வேலைசெய்த கிரேக்கப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். ஒருவரையும் நம்பாதவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் எனக்காக ஏன் பொய் சொன்னார்? அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை, பயமாக இருந்தது. நான் கேட்டிருப்பேன் என்றே முடிவுகட்டி, பிறகு ஒருநாள் அதை வைத்து என்னைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறாரோ?

அந்த வாரமே என்னையும் கணவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நாங்கள் குடியிருந்த பிளாக்டவுனில் ரெயில் ஏறும்போது என் கணவர் சொன்னார்: "கவனமாக் கதையும். சூப்பர்வைசர்மார் சும்மா சாப்பாடு போடமாட்டினம்."

மேசையில் ஆட்டிறைச்சி ரோஸ்ட். மிஸஸ் பார்லோவின் தம்பி லென் எனக்கு எதிரே இருந்தார். கரண்டியைக் கையில் எடுப்பதற்குள் கேட்டார்: "நீர்தானோ அந்த ஒப்பரேட்டர்? உண்மையைச் சொல்லும். போர்டில இருக்கிற ஒருத்தி கேக்காமல் இருக்க ஏலுமோ?"

"லென், பேசாமல் சாப்பிடு," என்றார் மிஸஸ் பார்லோ.

"எங்கட அம்மாவும் போர்டிலதான் இருந்தவ," என்றார் லென் என்னைப் பார்த்து.

அன்றுதான் கதை தெரிந்தது. அவர்கள் வீட்டு முன்னறைதான் அந்தக் கிராமத்தின் தபாற்கந்தோர். தாய்தான் தபால் அதிகாரி. சுவரோரம் ஒரு சின்ன சுவிட்ச்போர்ட். வைத்தியர், பாதிரியார், பொலிஸ், சில பண்ணைகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய லைன்கள். போர்க்காலத்தில் மகன் செத்த செய்தியைச் சொல்லும் தந்தியும் அந்த அறைக்குத்தான் முதலில் வரும். தாய் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலால் இறங்கினால், வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம், எங்கள் கேற்றைத் தாண்டிப் போகட்டும் என்று.

இறைச்சிக்கும் சீனிக்கும் ரேஷன். பன்றி வளர்த்தவரும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஒரு பண்ணைக்காரர் களவாக வெட்டுவதற்கு ஏற்பாடு செய்து, பக்கத்து ஊரிலிருந்த தமையனுக்குப் போனில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வா, உனக்கும் பங்கிருக்கு." ஞாயிற்றுக்கிழமை தமையனுக்கு முன்னே பொலிஸ் வந்து நின்றது. இறைச்சியும் போய் வழக்கும் விழுந்தது.

"பிறகென்ன, போர்டில இருந்தவளைத் தவிர வேற ஆருக்குத் தெரியும் எண்டு ஊர் கேட்டது," என்றார் லென்.

அதற்குப் பிறகு சனம் முத்திரை வாங்கப் பக்கத்து ஊருக்கு நடந்தது. தேவாலயத்தில் இவர்கள் இருந்த வாங்கில் வேறு ஒருவரும் வந்து இருக்கவில்லை. போர் முடிந்ததைக் கொண்டாட ஊர்ப் புல்வெளியில் மேசை போட்டுத் தேநீர் கொடுத்தபோது, தாய் பல கிழமை சீனியை மிச்சம் பிடித்து, முட்டைப் பவுடரில் ஒரு கேக் செய்து கொண்டுபோனார். மற்றக் கேக்குகள் எல்லாம் முடிந்தன. அதில் மட்டும் ஒரு துண்டுகூட வெட்டப்படவில்லை. அப்படியே திரும்பத் தூக்கிவந்தார்.

"நான்தான் முழுக்கச் சாப்பிட்டுச் சத்தியெடுத்தனான்," என்று லென் சிரித்தார். தமக்கை சிரிக்கவில்லை.

போர் முடிந்தால் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஆகவில்லை. போரின்போது தாராளமாகக் கிடைத்த பாண் ரொட்டிக்கும் பிறகு ரேஷன் வந்தது. பசியோடு நின்ற சனத்துக்குப் பழைய பன்றியை மறக்க மனமில்லை. தாய் ஒருநாளும் "நான் சொல்லேல்லை" என்று சொல்லவில்லை. "நான்தான் சொன்னனான்" என்றும் சொல்லவில்லை. அப்படியே செத்துப்போனார்.

"அம்மாதான் சொன்னவ. சட்டமெண்டால் அவவுக்குச் சட்டம்தான்," என்றார் லென்.

"அம்மா சொல்லேல்லை."

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

மிஸஸ் பார்லோ எழுந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மேசையில் இது நடக்கிறது என்பது, தட்டுகளை அவர் அள்ளியெடுத்த வேகத்திலேயே தெரிந்தது.

குசினியில் கோப்பை கழுவும்போது கேட்டேன்: "அண்டைக்கு நீங்கள் எனக்குப் பின்னால நிக்கேல்லையே, மிஸஸ் பார்லோ?"

"இல்லை."

"நான் கேட்டிருப்பன் எண்டு நினைச்சனீங்களோ?"

அவர் தண்ணீரை மூடினார். "எனக்குத் தெரியாது, பத்மா. எங்கட அம்மாவைப் பற்றியே எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவவுக்காக ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியும்."

என்னை நம்பி அவர் சொல்லவில்லை. எனக்கு அது குத்தியது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் நடமாட்டம் எனக்கு வேறுமாதிரித் தெரிந்தது. பின்னால் ஒருவர் நின்றால், பின்னர் கேள்வி வரும்போது எங்களுக்காகச் சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கும்.

காதில் விழுந்தது

மண்டபத்தில் மட்டும் எனக்கு விடிவில்லை. நான் கிட்டப் போனால் மிஸஸ் துரைராசா பேச்சை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். மற்றப் பெண்கள் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். இரண்டு குடும்பங்கள் வீட்டுக்கு வருவதையே விட்டன.

சில மாதம் கழித்து கொழும்புக்கு ஒரு கோல் என் போர்டுக்கு வந்தது. பல்கலைக்கழகப் பொதுத் தொலைபேசியிலிருந்து வதனி. என் குரல் அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று லைனில் ஒரே இரைச்சல். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்காமல் நான் கீயை மூட முடியாது. கொழும்பில் அவளுடைய பெரியம்மாவின் மகள் "ஹலோ" என்றதுதான் தாமதம், வதனி மளமளவென்று கொட்டினாள்:

"அக்கா, நான்தான் ஃப்ரெண்டுக்குச் சொன்னனான், கலியாணம் நிண்ட சந்தோசத்தில. அம்மா இன்னும் எக்ஸ்சேஞ்ச் அன்ரியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறா. பாவமாயிருக்கு."

கீயை மூடினேன். என் மேல் விழுந்த பழியைத் துடைக்கும் சொல் என் காதிலேயே இருக்கிறது. ஆனால் அது லைனில் வந்தது. அதை நான் எடுத்து வெளியே சொன்னால், மிஸஸ் துரைராசா என்னைப் பற்றிச் சொன்னது அந்த நிமிடமே உண்மையாகிவிடும். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. மறுநாள் கன்டீனில் மிஸஸ் பார்லோவுக்கு எதிரே போய் இருந்தேன்.

"பண்ணைக்காரன்ட கோல் உங்கட அம்மாவின்ட போர்டாலதான் போனது. சரி. ஊரில ஆரோ பொலிசுக்கு அறிவிச்சிருந்தால், அந்தக் கோலும் அந்தப் போர்டாலதானே போயிருக்கும்? ஆரெண்டு தெரிஞ்சும் அவவால வெளியில சொல்ல ஏலாதே."

கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே வைத்தார்.

"எங்களுக்கு முன்வீட்டில ஒரு மனுசி இருந்தவ," என்றார் பிறகு. "பண்ணைக்காரன்ட மச்சாள். ஊர் முழுக்க எங்களை ஒதுக்கேக்க அவ ஒருத்திதான் எங்களோட கதைச்சவ. ஜாம் கொண்டுவந்து தருவா. அம்மா வாங்கி, கதவைச் சாத்திப்போட்டு, அதைப் பின்வளவில கொட்டுவா. எங்களுக்கு அது விளங்கேல்லை. அம்மாவுக்குப் பெருமை பிடிச்சுப்போச்செண்டு லென் சொல்லுவான்."

"லென்னுக்குச் சொல்லுவீங்களோ?"

"சொன்னால் அவன் அந்த மனுசியின்ட பேரை எல்லாருக்கும் சொல்லித் திரிவான். எங்களிட்ட என்ன அத்தாட்சி இருக்கு? கொட்டின ஜாம்." எழுந்து போனவர் திரும்பி வந்தார். "உமக்கு ஏன் இப்ப இது தோன்றினது?"

நான் தேநீரைக் கலக்கினேன். என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் பிறகு என்னிடம் கேட்டதே இல்லை.

இதை இன்று எழுத முடிவதற்குக் காரணம், வதனியே தன் வாயால் தாயிடம் சொல்லிவிட்டாள் என்பதுதான். அவள் தன் விருப்பப்படி கலியாணம் செய்த பிறகு, எழுபதுகள் முடியும் தறுவாயில், ஒருநாள் மிஸஸ் துரைராசா எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"வதனிதான் சொன்னவளாம். நான் உம்மைப் பிழையா நினைச்சுப்போட்டன், தங்கச்சி."

"பரவாயில்லை, அக்கா. எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"தெரியுமோ? எப்பிடி?"

இனி மறைக்க வழியில்லை. "லைன் செக் பண்ணேக்க காதில விழுந்தது."

அவர் குரல் மாறியது.

"இவ்வளவு காலமும் பேசாமல் இருந்திருக்கிறீர். அப்ப வேற என்னவெல்லாம் காதில விழுந்தது?"

"ஒண்டும் இல்லை, அக்கா," என்றேன். அவர் நம்பவில்லை. வைக்கிறன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தார்.

இன்று ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலும் வங்கியிலும் கோல் சென்டரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிறர் கதை காதில் விழுகிற வேலைக்கு வந்தால் சந்தேகமும் கூடவே வரும். பேசாமல் இருந்தால் அது போய்விடும் என்று நம்பவேண்டாம், சில வேளை கூடும். அப்படியிருந்தும் பேசாமல்தான் இருக்க வேண்டும்.