குளிர்காலத்தில் திறந்திருந்த வீடு

என் மனைவியின் தம்பிக்கு நான் ஒரு பொய் சொன்னேன். சிசிலியில் அவன் போகவேண்டும் என்று ஆசைப்பட்ட ஊரில் குளிர்காலத்தில் தங்குவதற்கு ஓரிடமும் திறந்திருக்காது, தொலைபேசியில் விசாரித்துவிட்டேன் என்றேன். நான் விசாரிக்கவில்லை. ஓரிடம் திறந்திருந்தது, அது எனக்குத் தெரியும். இதைப் பின்னுக்குத் தள்ளினால் அதற்குள் எனக்கு நானே நாலு சமாதானம் கட்டிவிடுவேன். எழுபத்தெட்டு வயதில் அந்த வேலையில் நல்ல தேர்ச்சி. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளறிவிட்டது போன வெள்ளிக்கிழமை. விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாடு. எனக்கு எதிரே இரண்டு இளம் சோடிகள், ஒரு கையில் கடதாசித் தட்டும் மறு கையில் தொலைபேசியுமாக இத்தாலியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் பத்து நாள், வாடகைக் கார், ஒரே ஊரில் தங்கி நாலு பக்கமும் போய்வருவது. எந்த ஊர் என்பதில்தான் சண்டை. ஒருத்திக்கு அங்கே யோகா வகுப்பு இருக்கவேண்டும். ஒருவனுக்கு அந்த ஊரின் பெயரை அவனுடைய அலுவலகத்தில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. அவனைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என்னைத்தான் நாற்பத்தைந்து வயது குறைத்து, தாடி வைத்து, உட்காரவைத்திருந்தார்கள்.

"அங்கிள், நீங்க இத்தாலி முழுக்கக் கார்ல சுத்தினனீங்களாமே. எங்க பேஸ் பண்ணினா நல்லம்?"

"எனக்குத் தெரியாது தம்பி."

பக்கத்தில் இருந்த என் மனைவி மனோ தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மழையில் நனைந்த கம்பளிக் கோட்டும் சாம்பாரும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். அந்த மண்டபம் முழுக்க அன்று அதுதான். எங்கள் வாடகைக் கார்களின் மணமும் அதுவே. நாலு குளிர்காலம் நாங்கள் நாலு பேர் அப்படிப் போனோம்: நான், மனோ, அவளுடைய தம்பி நேசன், அவன் மனைவி வசந்தி. கார் ஓட்டுவது நேசன். எந்த ஊரில் தங்குவது என்று முடிவுகட்டுவது நான். வலப்பக்கத்தில் கார் ஓட்ட எனக்குத் துணிவு இல்லை. அதை ஒருவரும் சொல்லிக்காட்டியதில்லை. முன் ஆசனத்தில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு படைத் தளபதியைப்போல இருப்பேன்.

என்னிடம் தத்துவம் இருந்தது. கடற்கரை ஊர் கூடாது. குளிர்காலத்தில் அங்கே இழுத்து மூடிய கதவுகளும் ஒரு நாயும்தான் மிஞ்சும். பெருநகரம் கூடாது, கார் தடைசெய்த பழைய வீதிக்குள் தெரியாமல் நுழைந்தால் கமரா பிடித்து, நாலு மாதம் கழித்து லண்டன் வீட்டுக்கே தண்டக் கடிதம் வரும். மலைக்கு மேலே போனால், பனியில் வழுக்காமல் சில்லில் கட்டச் சங்கிலி கொண்டுபோகவேண்டும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் உள்ள நடுத்தர ஊராகப் பார்க்கவேண்டும். அங்கே சனம் வருடம் முழுக்க வாழும், கடை திறந்திருக்கும். இதில் எதுவும் கெட்ட யோசனை அல்ல. சொன்ன குரல்தான் கெட்டது. கோடையில் இத்தாலி போகிறவர்களை நான் ஆட்டு மந்தை என்பேன். சோறு இல்லாமல் ஒரு வாரம் இருக்கமுடியாத எங்கள் சனத்தைப்பற்றி அதைவிட மோசமாகப் பேசுவேன். பேசிக்கொண்டே வசந்தி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ரைஸ் குக்கரில் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுவேன்.

வசந்தி என்றதும் தேசிக்காய் நினைவுக்கு வருகிறது. பீசா விமானநிலையத்தில் வாடகைக் காரை எடுத்தால், நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைக்காமல் அவள் ஏறமாட்டாள். ஒருமுறை அங்கே வேலை செய்கிற மனிதன் ஓடிவந்து கையை ஆட்டிக் கத்தினான். நேசன் இறங்கி இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னான். அந்த மனிதன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, தன்னுடைய காருக்கும் வைக்க மிச்சம் இருக்கிறதா என்று கேட்டானாம். மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்று, வேறு யாருக்கோ காத்திருப்பவன்போல விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேசனுக்கு இத்தாலிய மொழி எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முள். எங்களில் இரண்டு சாதி உண்டு. கோயிலில் இதை ஒருவரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். படிக்க வந்தவர்கள், ஊரில் சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். நான் எழுபதுகளில் மாணவ விசாவில், கழுத்துப்பட்டி கட்டி வந்து இறங்கியவன்; கவுன்சிலில் கட்டட அதிகாரியாக ஓய்வுபெற்றேன். நேசன் எண்பதுகளின் கடைசியில் ஓடி வந்தவன். லண்டனுக்கென்று கூட்டிவந்த ஏஜென்ற் அவனைச் சிசிலியில் விட்டுவிட்டு மறைந்துபோனான். இரண்டு குளிர்காலம் தோடம்பழத் தோட்டங்களில் ஆரஞ்சு பறித்தான். அசுந்தா என்ற விதவை தன் வீட்டில் தோட்டத் தொழிலாளருக்கு அறை விட்டிருந்தாள், அங்கே தங்கினான். செங்கமாரி வந்து கண் மஞ்சளாகிப் படுத்தபோது அவள்தான் பார்த்தாள். இவனுடைய ஆட்கள் சோறு தின்பவர்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அரிசியைக் களியாக அவித்து, பாலும் சீனியும் போட்டு ஊட்டினாளாம். "வாயில வைக்க ஏலாது அக்கா. ஆனா அழுதழுது திண்டன்" என்று மனோவிடம் சொல்லிச் சிரிப்பான். அவனை அவள் நேசனோ என்று கூப்பிட்டாள். பிறகு லண்டன், பெற்றோல் நிலையம், அப்டன் பார்க்கில் சொந்தக் கடை, பிள்ளைகள். அவளுடன் தொடர்பு விட்டுப்போயிற்று.

பதினாலு வருடம் முன்பு, ஒரு தீபாவளிச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டு மேசையில் நான் அந்த ஜனவரிக்கான வரைபடத்தை விரித்தேன். நேசன் மெல்லத் தொடங்கினான்.

"அத்தான், இந்தமுறை கீழ போவமே? நான் இருந்த ஊருக்கு."

"எந்த ஊர்?"

"சிசிலியில. அந்த மனிசி இருக்கிறாவோ தெரியேல்லை. ஒருக்காப் பாத்திட்டு வந்தாக் காணும். மற்ற நாளெல்லாம் நீங்க சொல்லுற இடத்துக்கு ஓடுறன்."

"பாப்பம்" என்றேன்.

பார்க்கவும் செய்தேன். அந்த ஊரின் பெயரைக் கணினியில் போட்டதும் ஒரேயொரு விடுதி வந்தது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஜனவரியில் இரண்டு அறை உண்டு என்று அரைகுறை ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு கிழவி நிற்கும் படம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து என் கோப்பில் வைத்தேன். கவுன்சில் பழக்கம்; நிராகரிக்கிற விண்ணப்பத்தையும் கோப்பில் வைக்கவேண்டும்.

ஏன் நிராகரித்தேன்? என் தத்துவத்தையே மறந்து, டஸ்கனியில் ஒரு மலையூரைப்பற்றி நண்பர்களிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். அது சின்னக் காரணம். பெரியது இது: அந்த ஊரில் இறங்கினால் நேசன்தான் ஆள். அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். அவன் பேசுவான், நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தோடம்பழம் பறித்தவனுடைய அக்காவின் புருஷன் என்று என்னை அறிமுகப்படுத்துவான். அதை ஒரு கிழமைக்குத் தாங்க எனக்கு ஏலாது. இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பம்.

அடுத்த ஞாயிறு அவனுக்குச் சொன்னேன்: "நான் போன் பண்ணிக் கேட்டனான். குளிர்காலத்தில அங்க ஒண்டும் திறக்கமாட்டினமாம்."

"சரி அத்தான். நீங்க கேட்டாச் சரியாத்தான் இருக்கும்."

டஸ்கனிக்குப் போனோம். என் மலையூர் முழுக்க மூடியிருந்தது. அருங்காட்சியகத்தில் திருத்த வேலை. உணவகங்களின் வாசலில் மார்ச்சில் சந்திப்போம் என்று அட்டை. ஐந்து நாள் பனிமூட்டம். நான் புகழ்ந்த பள்ளத்தாக்கு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறையில் சூடு காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் மூன்று. பெண்கள் இருவரும் கோட்டோடு படுத்திருந்தார்கள். திறந்திருந்தது, ரொட்டி சுட்டு விற்கிற ஒரு பாண் கடை. அங்கே நேசன் கடைக்காரியோடு கதைத்தான். அவனுடைய பேச்சில் சிசிலி வாடை இருந்திருக்கவேண்டும். அவள் சிரித்து, உள்ளே இருந்த கணவனையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். மூவரும் கொண்டாட்டமாக நின்றார்கள். சூடான பாணைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "கூலியளிட்டப் பழகின பாஷை எண்டு அவளுக்கு விளங்கிட்டுது போல."

நேசன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏப்ரலில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கடைக்கு வருகிற ஒருவருக்குப் பலெர்மோவில் உறவினர் இருந்தார்கள். அவர்கள் தேடி அசுந்தாவின் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நேசன் பேசியிருக்கிறான். எடுத்தது அசுந்தாவின் மகள். தாய் பெப்ரவரியில் இறந்துவிட்டாள். ஜனவரி கடைசிவரை அடுப்படியில் நின்றவள். ஜனவரியில் வர நினைத்தோம், எல்லாம் மூடியிருக்கும் என்றார்கள் என்று இவன் சொல்ல, மகளுக்கு விளங்கவில்லை. குளிர்காலம் தோடம்பழக் காலம் அல்லவா, எங்கள் வீடு அப்போது மூடியதே இல்லையே என்றாளாம்.

இதையெல்லாம் கதவடியில் நின்றே சொன்னான். கோட்டைக் கழற்றவில்லை. பிறகு கேட்டான்:

"அத்தான், நீங்க போன் பண்ணேக்க ஆர் கதைச்சது?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்திருந்தான். நான் உள்ளே போகவில்லை.

"ஆரோ ஒரு ஆம்பிளை."

"அங்க ஆம்பிளையள் இல்லை அத்தான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. மனோவைக் கூப்பிட்டு, "அக்கா, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எங்கும் போகவில்லை. கடையில் வேலை என்றான்; வசந்திக்கு முழங்கால் என்றான். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வருவான், மரியாதைக்குக் குறைவில்லை, எனக்குத் தேத்தண்ணி எடுத்துத் தருவான். மனோ அந்த ஏப்ரலிலேயே எல்லாம் விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் அப்படி இருக்கலாம் என்பதை என் அனுபவத்தில் உங்களுக்கு உறுதியாகச் சொல்லமுடியும். பெரிய கெட்டித்தனம் ஒன்றும் தேவையில்லை, தொலைக்காட்சி இருந்தால் போதும்.

இரண்டு வருடம் முன்பு கோப்புகளைக் கிழித்து எறிய உட்கார்ந்தேன். இத்தாலிக் கோப்பில் அந்தத் தாள் இருந்தது. மை மங்கவில்லை. ஏப்ரன் கட்டிய கிழவி வாசலில் நின்றாள். அவளை நான் பார்த்திருக்கிறேன், நேசன் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனோவையும் கூட்டிக்கொண்டு, கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனேன். வசந்தி இருந்தாள். எல்லோர் முன்னாலும் முழுவதையும் சொன்னேன். கணினியில் பார்த்ததை, அச்செடுத்ததை, போன் பண்ணாததை, ஏன் என்பதை. பாண் கடையையும் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். நேசன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இவதான்" என்றான். அவனிடம் அவளுடைய படம் ஒன்றும் இருந்ததில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "எனக்குத் தெரியும் அத்தான். அண்டைக்கே தெரியும்."

பரிகாரம் செய்யவும் ஆயத்தமாகப் போயிருந்தேன். அதே வீட்டில் ஜனவரிக்கு இரண்டு அறை பதிவுசெய்திருந்தேன்; நாலு பேருக்கும் டிக்கெட். மகள் இருக்கிறாள், கல்லறைக்குப் போவோம், நான் பின் ஆசனத்தில் வாயை மூடிக்கொண்டு வருகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் ஊரைத் தெரிவுசெய்தது நான்தான் என்பது அதைச் சொல்லி முடித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

நேசனுக்குக் கோபம் இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நீங்க வேற எங்க கூப்பிட்டாலும் வாறன் அத்தான். கார் ஓடச் சொன்னா ஓடுறன். அங்க மட்டும் வராதேங்கோ."

வசந்தி எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள். என் டிக்கெட்டை நான் விட்டேன். ஜனவரியில் அவர்கள் மூன்று பேரும் போனார்கள். வேறு எங்கும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

பத்து நாள் கழித்து மனோ வந்தாள். கூடத்தில் பெட்டியைத் திறந்து, வெயில் பட்டுக் கறுத்திருந்த முகத்தோடு உடுப்புகளைப் பிரித்தாள். எப்படி என்று கேட்டேன்.

"நல்ல சனம். தம்பியைக் கண்டவுடன அந்த மனிசியின்ர மகள் ஓடி வந்து கட்டிப்பிடிச்சது."

"வேற?"

"நீங்க ஏன் வரேல்லை எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

"குளிர் உங்களுக்கு ஒத்துவராது எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டு, ஒரு துவாயை எடுத்து உதறி, ஓரம் பார்த்து மடித்தாள். பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி அதுவரை எங்கள் வீட்டில் இருந்தாள்.