கயிறு கட்டிய பால்கனி

கோலாலம்பூர் நகர மையத்தில் புதுப்பித்துத் திறந்திருக்கும் பழைய தியேட்டரைச் சுற்றிப் பார்க்க இன்று காலை போனேன். வெள்ளைக்காரர் காலத்தில், முப்பதுகளில் கட்டியது.

முகப்பும் மாடிப்படியின் வளைவும் பழையபடியே வந்திருக்கின்றன. அதில் குறை சொல்ல முடியாது.

வழிகாட்டிய பெண் பக்கச்சுவரில் இருந்த சிறிய கதவைக் காட்டி, "இது ஸ்டாஃப் வர்ற கதவு" என்றார்.

"இல்லம்மா," என்றார் எங்களோடு வந்த, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து ஆன்டி ஒருவர். "இது தேர்ட் கிளாஸ் கதவு. எங்கப்பா ரயில்வேல கூலி. இந்தப் பக்கமா வந்துதான் திரைக்குக் கீழ பெஞ்சில உட்காருவாரு. முன்வாசல்ல விட மாட்டாங்க."

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். துரைமார்களும் முதலாளிகளும் உட்கார்ந்த பால்கனி. நாற்காலிகளுக்குப் புது வெல்வெட் போட்டு, யாரும் உட்காராதபடி குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.

ஆன்டி கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயோ ஆன்டி, அங்க உட்காரக் கூடாது லா! பாஸ் ஏசுவாரு."

"எங்கப்பாகிட்டயும் இதத்தாம்மா சொன்னாங்க. அவரு கேட்டுக்கிட்டாரு. நான் கேக்க மாட்டேன்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் ஓடாத திரையை நிதானமாகப் பார்த்தார்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள்.

தியேட்டர் நிர்வாகத்தினர் இதைப் படித்தால் ஒரு தகவல்: நாற்காலிகள் உறுதியாகவே இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்க யார் யார் வருகிறீர்கள்?