அழித்த தழும்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் இப்போதெல்லாம் எதையும் அடித்துச் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை அடித்துச் சொன்னதால்தான் இந்தக் கதிக்கு வந்தேன். ஆனால் இது நடந்தது. ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நேரத்தை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு போட்டோ ஸ்டூடியோ வேலை. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பேன், முகத்தில் உள்ள கறைகளை நீக்கி டச்சிங் செய்வேன், பிரிண்ட் போட்டு வெட்டிக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு முப்பது முகமாவது பார்க்கிறவன். ஒரு தடவை பார்த்த முகம் மறக்காது. தெருவில் என்னைக் 'கேமராக் கண்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

ஒரு மாலை, என் கடைக்கு எதிரில், சாலையைக் கடந்த டீச்சர் ஒருவரை ஒரு பைக் அடித்துத் தூக்கிவிட்டு நிற்காமல் போனது. அவர் பிழைக்கவில்லை. ஓட்டியவன் ஹெல்மெட் போடவில்லை. ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

அதே மாதிரி பைக் வைத்திருந்த ஒருவனைப் போலீஸ் பிடித்தது. பத்து நாள் கழித்து அடையாள அணிவகுப்பு. பதினோரு பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மெதுவாக நடந்தேன். ஏழாவது ஆளிடம் வந்ததும் உள்ளுக்குள் சுருக்கென்றது. இந்த முகம் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தோளைத் தொட்டேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"எனக்கு முகம் மறக்காது சார்."

அந்த ஆள் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, என்னத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டான். தெரிந்ததால்தானே தொட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். போலீஸ் பிடித்திருந்ததும் அவனைத்தான்; ஜெயிலில் போட்டார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும். பழைய படம் ஒன்றைத் தேடும்போது கம்ப்யூட்டரில் அவன் வந்தான். நீலப் பின்னணி, வெள்ளைச் சட்டை. குழாய் வேலை செய்பவன். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு என்னிடம்தான் படம் எடுத்திருக்கிறான்! எல்லாம் நினைவுக்கு வந்தது. அவனுடைய அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் நாய் காத்திருந்தது. ஒரு காது மடங்கிய செவலை நாய்.

அவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. "அத எடுத்துடுங்கண்ணா" என்று கேட்டான். அரை மணி நேரம் உட்கார்ந்து நான்தான் அழித்தேன்.

இப்போது கேளுங்கள். பைக்கில் போனவன் என்று என் மனதில் இருந்த முகத்தில் தழும்பே இல்லை. நான் தோளைத் தொட்ட ஆளுக்குத் தழும்பு இருந்தது. அப்படியானால் என் மனதில் இருந்தது சாலையில் பார்த்த முகம் இல்லை. அரை மணி நேரம் இந்தத் திரையில் நான் திருத்திய முகம்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொய் சாட்சி என்று என்னையே உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயம். பெயர் கெட்டுவிடுமே என்று கவலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு நாள் ஓட்டினேன். அது போதாதென்று, தழும்போடு எடுத்த படம், தழும்பை அழித்த படம், இரண்டையும் அடியோடு அழித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. மாலை 5.40.

சரக்... சரக்... கண்ணாடிக் கதவில் ஏதோ கீறியது. அந்த நாய்.

கதவைத் திறந்தேன். நாய் வாசனை பிடித்துத்தான் ஆளை அறியும் என்பார்கள். இது மோந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு முனகியது. வாலோடு உடம்பும் ஆட, என் காலில் வந்து விழுந்தது. வெளியூர் போன எசமான் திரும்பி வந்துவிட்ட மாதிரி.

கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். பின்னாலேயே வந்தது.

6.15. வீட்டு வாசலிலிருந்தே குரல் கொடுத்தேன். எட்டு மாதக் குழந்தை, என் மகள், உள்ளே கெக்கெக்கென்று சிரித்தாள். நுழைந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். வீறிட்டாள்.

கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினேன். சிரித்தாள். தலையை நீட்டினேன். வீறிட்டாள்.

"என்னங்க இது, வேத்தாளப் பாத்த மாதிரி அழறா?" என்றாள் மனைவி.

"உனக்கு நான் எப்படித் தெரியறேன்?"

"எப்பவும் போலத்தான்" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு முறை என்னை உற்றுப் பார்த்தாள்.

போனை எடுத்தேன். முகத்தைக் காட்டினால் திறக்கும் போன். 'முகம் பொருந்தவில்லை' என்றது. துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். 'முகம் பொருந்தவில்லை.'

குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். நான்தான் இருந்தேன்.

7.20. ஸ்டூடியோவுக்கு ஓடினேன். நாயும் ஓடி வந்தது.

என்னையே ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதில் ஒரு வசதி உண்டு. முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு ஆளின் படங்களையும் தனித்தனிக் கட்டத்தில் அதுவே சேர்த்துவிடும். என் கட்டத்தில் நாற்பத்தாறு படங்கள். இப்போது நாற்பத்தேழு ஆக வேண்டும்.

ஆகவில்லை.

டிக்... கீழே புதிதாக ஒரு கட்டம் வந்தது. '2 படங்கள்.'

திறந்தேன். ஒன்று நான்.

இன்னொன்று... நீலப் பின்னணி. வெள்ளைச் சட்டை. புருவத்தில் தழும்பு. நான் அடியோடு அழித்த அதே படம்.

மறுநாள் ஒன்பது மணிக்கே போலீஸ் ஸ்டேஷன் போய்விட்டேன். வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். 10.10க்கு உள்ளே நுழைந்தேன். தழும்பு, படம், அழித்தது, பயந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"லேட்டா வந்திருக்கீங்க. அந்தப் பையன் நேத்து சாயங்காலம் ஜெயில்லயே போயிட்டான். நெஞ்சு வலி."

"எத்தன மணிக்கு?"

"அஞ்சு நாப்பது."

உட்கார்ந்து அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கம்மாவுக்கு உங்களத் தெரியுமா?"

"ஒரே ஒரு தடவ கடைக்கு வந்திருக்காங்க. ஏன்?"

"விடியக்காலைல உடம்பக் காட்டினோம். இது என் பிள்ளையே இல்லன்னு நின்னுட்டாங்க. கைரேகை பாத்தாச்சு, அவன்தான். எவ்வளவோ சொல்லிட்டோம். வாங்க மாட்டேங்கறாங்க."

"அப்ப... யாருன்னு சொல்றாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"குனிஞ்சு முகத்த நல்லாப் பாத்தாங்க. 'இது அந்த போட்டோ கடைக்காரத் தம்பி. இவரு எப்பப்பா செத்தாரு?'ன்னு கேக்கறாங்க."