பின்னால் சாய்ந்து நின்ற அம்மா

பேத்தி ஒரு போர்வையின் முனையைப் பீரோ காலடியில் செருகி, மறுமுனையிலிருந்து தள்ளினாள். அவள் கையருகே ஒரு மடிப்பு எழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தது.

"நிலமும் இப்பிடித்தான் நெருக்குப்பட்டு மலையாவுது ஆயா. பரீட்சைக்கு இருக்குது."

அந்த மடிப்புகளைப் பார்த்ததும் எனக்குப் பழைய கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது.

என் சின்ன வயதில் ஒருநாள், தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூல் பாவு ஒன்றைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தடவியிருந்தோம். மூன்று புடவைக்கான இழை. திடீரென்று வானம் கறுத்தது. அப்பா ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தார். மறுமுனையை அம்மா இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் முன்னால் வந்தால் பாவு தொய்ந்து, ஈர இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது.

"அண்ணி, மழ வருது, ஓடியா!" என்று வாசலிலிருந்து அத்தை கத்தினாள்.

"நான் வந்தா பாவு போச்சு. உங்கண்ணன ஓடியாரச் சொல்லு!"

அம்மா இடிக்குப் பயந்தவள். தெருக்கோடியில் இடி விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தே நின்றாள். அப்பா அவள் கையருகே வந்து சேர்ந்த பிறகுதான் முதல் துளி விழுந்தது.

குனிந்து, போர்வையைப் பேத்தியின் கையிலிருந்து வாங்கிப் பின்னால் இழுத்தேன். மடிப்பெல்லாம் படிந்தது.

"ஆயா, என் மலையெல்லாம் போச்சே!"

"நான் எங்கம்மா பொண்ணு," என்றேன்.